உயர்திறன் யூ.எஸ்.பி-சி மின்னேற்றச் சுற்றுக்கான உறுப்புத் தேர்வு

உயர்திறன் யூ.எஸ்.பி-சி மின்னேற்றச் சுற்று என்பது யூ.எஸ்.பி-சி வகை இணைப்பியின் வழியாக 15 வாட்டுக்கு மேற்பட்ட மின்திறனை வழங்கவோ பெறவோ வல்ல மின்னணுச் சுற்று ஆகும். மின்தகவி, நகர்பேசி, மடிக்கணினி, மின்வங்கி முதலியவற்றில் இத்தகைய சுற்றுகள் பயன்படுகின்றன. பவர் டெலிவரி எனப்படும் நெறிமுறையின் துணையுடன் இவ்விணைப்பியின் வழியாக 240 வாட் வரை கடத்த இயலும்.

பழைய யூ.எஸ்.பி இணைப்பிகளில் இயல்பாக 5 வோல்ட் மட்டுமே இருந்தது. யூ.எஸ்.பி-சி இணைப்பியில் அதே முனைகளில் 5 வோல்ட்டும் வரலாம், 48 வோல்ட்டும் வரலாம். எது வரவேண்டும் என்பதை இரு பக்கமும் உள்ள சில்லுகள் தமக்குள் பேசி முடிவு செய்கின்றன. ஆகவே இயல்பான இயக்கநிலையை மட்டும் கொண்டு உறுப்புகளைத் தேர்ந்தெடுத்தல் போதாது. பேச்சு தவறும்பொழுதும், வடம் பாதியில் பிடுங்கப்படும்பொழுதும், வீட்டு மின்வழங்கல் பிறழும்பொழுதும் ஒவ்வோர் உறுப்பின் மீதும் விழக்கூடிய உச்ச அளவை முதலில் கணித்து, அதிலிருந்து பின்னோக்கி வந்து தேர்ந்தெடுப்பதே இவ்வகை வடிவமைப்பின் அடிப்படை ஆகும்.

வரலாறு

பவர் டெலிவரி நெறிமுறையின் முதற் பதிப்பு 2012-ஆம் ஆண்டில் வெளியானது. அது 100 வாட் வரை இடமளித்தது. யூ.எஸ்.பி-சி இணைப்பிக்கான வரையறை 2014 ஆகஸ்டு மாதத்தில் வெளியானது. அதனுடன் வந்த பவர் டெலிவரி 2.0 பதிப்பில், பேச்சுக்கெனத் தனி முனை ஒதுக்கப்பட்டது. பின்னர் வந்த 3.0 பதிப்பில் மின்னழுத்தத்தை 20 மில்லிவோல்ட் படிகளில் மாற்றும் வசதி சேர்க்கப்பட்டது. 2021 மே மாதத்தில் வெளியான 3.1 பதிப்பு 28, 36, 48 வோல்ட் நிலைகளைச் சேர்த்து எல்லையை 240 வாட்டாக உயர்த்தியது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நகர்பேசி உள்ளிட்ட பல கருவிகளுக்கு யூ.எஸ்.பி-சி இணைப்பி 2024 திசம்பர் 28 முதல் கட்டாயமாக்கப்பட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் யூ.எஸ்.பி-சி வரையறையை ஐ.எஸ்./ஐ.ஈ.சி. 62680-1-3:2022 என்னும் இந்தியத் தரநிலையாக ஏற்று வெளியிட்டுள்ளது.

மின்திறன் நிலைகள்

பவர் டெலிவரி நெறிமுறையின் நிலையான மின்னழுத்தங்களும், அவற்றில் பெறத்தக்க உச்ச மின்திறனும் பின்வருமாறு:

- 5 வோல்ட், 3 ஆம்பியர்: 15 வாட்
- 9 வோல்ட், 3 ஆம்பியர்: 27 வாட்
- 15 வோல்ட், 3 ஆம்பியர்: 45 வாட்
- 20 வோல்ட், 3 ஆம்பியர்: 60 வாட்
- 20 வோல்ட், 5 ஆம்பியர்: 100 வாட்
- 28 வோல்ட், 5 ஆம்பியர்: 140 வாட்
- 36 வோல்ட், 5 ஆம்பியர்: 180 வாட்
- 48 வோல்ட், 5 ஆம்பியர்: 240 வாட்

மின்னோட்டம் 5 ஆம்பியரில் நின்றுவிட, மின்னழுத்தம் மட்டும் ஏறுவதை இப்பட்டியலில் காணலாம். கடத்தியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். 240 வாட்டை 20 வோல்ட்டில் கடத்தினால் 12 ஆம்பியர் தேவைப்படும். அப்பொழுது அதே வடத்தில் வெப்பம் 5 ஆம்பியரின்போது இருப்பதைப் போல ஏறத்தாழ 5.8 மடங்காகும். மறுபுறம் மின்னழுத்தத்தையும் விருப்பம்போல் உயர்த்த இயலாது. 60 வோல்ட்டுக்குட்பட்ட நேர்மின்னோட்டமே இயல்பு நிலையில் தொடுவதற்குத் தீங்கற்றதாகப் பாதுகாப்புத் தரநிலைகளில் கொள்ளப்படுகின்றது. 48 வோல்ட் இவ்வெல்லைக்குள் அடங்கும்.

சுற்றின் பகுதிகள்

மின்னாற்றல் சுவரிலிருந்து மின்கலம் வரை செல்லும் வழியில் பின்வரும் பகுதிகள் உள்ளன.

- மின்தகவி: 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தைத் தாழ்ந்த நேர்மின்னழுத்தமாக மாற்றுகின்றது. நெறிமுறையில் இது வழங்கி எனப்படும்.
- வடம்: இரு முனைகளிலும் செருகிகளைக் கொண்டது. 5 ஆம்பியர் வடத்தில் அடையாளச் சில்லு ஒன்றும் உண்டு.
- பெறும் கருவி: இதில் கொள்செருகி, பவர் டெலிவரி கட்டுப்படுத்தி, வாயில் மாஸ்ஃபெட்டுகள், இறக்கி-ஏற்றி மாற்றி, மின்கலம் ஆகியன உள்ளன.

கீழே பெறும் கருவியின் உறுப்புகள் முதலிலும், மின்தகவியின் உறுப்புகள் பின்னரும் விளக்கப்படுகின்றன. கணக்குகளுக்கு எடுத்துக்காட்டாக, மூன்று லித்தியம்-அயனிக் கலங்களைத் தொடராகக் கொண்ட 100 வாட் மடிக்கணினி கொள்ளப்படுகின்றது. ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ட் வரை ஏற்றப்படுவதால் முழு மின்கல அடுக்கின் உச்ச மின்னழுத்தம் 12.6 வோல்ட் ஆகும்.

இணைப்பியும் வடமும்

முழுமையான யூ.எஸ்.பி-சி கொள்செருகியில் 24 முனைகள் உள்ளன. இவற்றுள் நான்கு முனைகள் நேர்மின் வழியான வி-பஸ்ஸுக்கும், நான்கு முனைகள் தரைக்கும் உரியவை. 5 ஆம்பியர் நான்கு முனைகளில் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் 1.25 ஆம்பியர் பாயும். சந்தையில் 6 முனை மட்டும் கொண்ட மலிவான கொள்செருகிகளும் கிடைக்கின்றன. அவற்றில் வி-பஸ்ஸுக்கு இரண்டு முனைகளே உள்ளமையால் 5 ஆம்பியர் சுற்றுக்கு அவை ஏற்றவை அல்ல. புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் தரவுத்தாளில் உள்ள மின்னோட்ட அளவைப் பார்த்தே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

3 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்துக்கு வடத்தில் அடையாளச் சில்லு இருத்தல் கட்டாயம் ஆகும். வடம் எத்தனை ஆம்பியரையும் எத்தனை வோல்ட்டையும் தாங்கும் என்பதை அச்சில்லு வழங்கிக்குத் தெரிவிக்கின்றது. சில்லு மறுமொழி தராவிடில் வழங்கி 3 ஆம்பியருக்கு மேல் அளிக்காது. 100 வாட் மின்தகவியைச் செருகியும் மடிக்கணினி 60 வாட்டில் மெதுவாக ஏறுவதற்குப் பெரும்பாலும் வடமே காரணமாக அமைகின்றது.

வரையறையின்படி வி-பஸ் கம்பியில் 500 மில்லிவோல்ட் வரையிலும், தரைக்கம்பியில் 250 மில்லிவோல்ட் வரையிலும் இழப்பு நேரலாம். 5 ஆம்பியரில் இது 3.75 வாட் வெப்பம் ஆகும். எனவே பெறும் கருவி சரியாக 20 வோல்ட்டை எதிர்பார்த்து வடிவமைக்கப்படலாகாது.

சி.சி. முனை மின்தடையங்கள்

கொள்செருகியில் சி.சி.1, சி.சி.2 என இரண்டு கட்டமைப்பு முனைகள் உள்ளன. செருகி எந்தப் பக்கமாகச் செருகப்பட்டுள்ளது, எதிர்முனையில் இருப்பது வழங்கியா பெறும் கருவியா, எவ்வளவு மின்னோட்டம் கிடைக்கும் ஆகிய மூன்றும் இம்முனைகளில் உள்ள மின்தடையங்களைக் கொண்டே முதலில் அறியப்படுகின்றன. பெறும் கருவி ஒவ்வொரு சி.சி. முனையிலிருந்தும் தரைக்கு 5.1 கிலோஓம் மின்தடையத்தை வைக்கின்றது. வழங்கி 5 வோல்ட்டிலிருந்து சி.சி. முனைக்கு வைக்கும் மின்தடையம் இயல்பு யூ.எஸ்.பி மின்னோட்டத்துக்கு 56 கிலோஓம், 1.5 ஆம்பியருக்கு 22 கிலோஓம், 3 ஆம்பியருக்கு 10 கிலோஓம் ஆகும். இவ்விணைவு ஏற்படும் வரை வழங்கி வி-பஸ்ஸில் மின்னழுத்தம் தருவதில்லை.

இம்மின்தடையங்களின் விலை மிகச் சிறியது. தவறினால் விளையும் கேடு சிறியதன்று. பழைய வகைச் செருகியை ஒரு முனையிலும் சி வகைச் செருகியை மறுமுனையிலும் கொண்ட வடங்களில் 56 கிலோஓம் மின்தடையம் இருத்தல் வேண்டும். அதற்கு மாறாக 10 கிலோஓம் வைத்துச் செய்யப்பட்ட வடங்கள் பல 2015-ஆம் ஆண்டில் விற்பனையில் இருப்பதைக் கூகுள் நிறுவனப் பொறியாளர் பென்சன் லியூங் சோதித்து வெளியிட்டார். அவ்வடத்தின் வழியாக இணைக்கப்பட்ட கருவி 3 ஆம்பியர் கிடைக்கும் என நம்பி இழுக்கும். ஆனால் மறுமுனையில் இருப்பது அவ்வளவு மின்னோட்டத்துக்கு வடிவமைக்கப்படாத கணினித் துறையாக இருக்கலாம்.

ராஸ்பெரி பை 4 நிகழ்வு

2019 சூன் மாதத்தில் வெளியான ராஸ்பெரி பை 4 சிறுகணினியில் இரண்டு சி.சி. முனைகளும் ஒன்றாக இணைக்கப்பட்டு, ஒரே 5.1 கிலோஓம் மின்தடையம் வைக்கப்பட்டிருந்தது. எளிய வடங்களில் இது சரியாக இயங்கியது. அடையாளச் சில்லு கொண்ட வடங்களில் சில்லின் பக்கம் ஏறத்தாழ 1 கிலோஓம் மின்தடை இருக்கும். அது 5.1 கிலோஓமுடன் பக்க இணைப்பில் சேர்ந்து சுமார் 836 ஓம் ஆனது. இரு முனைகளிலும் இத்தகைய தாழ்ந்த மின்தடையைக் கண்ட மின்தகவிகள், எதிரில் இருப்பது ஒலித் துணைக்கருவி என முடிவு செய்து மின்சாரம் தர மறுத்தன. பின்னர் வந்த பலகைப் பதிப்பில் இது திருத்தப்பட்டது. தரமான வடத்தில் இயங்காமலும் மலிவான வடத்தில் இயங்கியும் தோன்றிய இப்பிழை, ஒவ்வொரு சி.சி. முனைக்கும் தனித்தனி மின்தடையம் வேண்டும் என்னும் விதி எதற்காக என்பதைக் காட்டுகின்றது.

பவர் டெலிவரி கட்டுப்படுத்தி

5 வோல்ட்டுக்கு மேல் பெறுவதற்கு மின்தடையங்கள் மட்டும் போதா. கட்டுப்படுத்திச் சில்லு ஒன்று தேவை. இது சி.சி. கம்பியில் நொடிக்கு 300 கிலோபிட் வேகத்தில் செய்தி பரிமாறுகின்றது. வழங்கி தன்னால் தரக்கூடிய மின்னழுத்தங்களின் பட்டியலை முதலில் அனுப்பும். பெறும் கருவி அவற்றுள் ஒன்றைக் கேட்கும். வழங்கி ஏற்றுக்கொண்டு, மின்னழுத்தத்தை மாற்றிய பின்னர், ஆயத்தம் எனத் தெரிவிக்கும். அதன் பின்னரே கருவி முழு மின்னோட்டத்தை இழுத்தல் வேண்டும்.

இச்சில்லைத் தேர்ந்தெடுக்கையில் கருதத்தக்கவை:

- மின்னழுத்தத் தேர்வு. சில சில்லுகளில் மின்தடையங்களைக் கொண்டே தேவையைக் குறிக்கலாம். வேறு சிலவற்றுக்கு மென்பொருள் எழுதுதல் வேண்டும். ஒரே மின்னழுத்தம் போதுமான எளிய கருவிக்கு முதல்வகை பொருந்தும்.
- சி.சி. முனையின் தாங்குதிறன். கொள்செருகியில் முனைகளுக்கிடையே மைய இடைவெளி 0.5 மில்லிமீட்டர் மட்டுமே. வி-பஸ் முனைக்கு அடுத்தே சி.சி. முனை உள்ளது. செருகியைச் சாய்த்துப் பிடுங்கும்பொழுது 20 வோல்ட் சி.சி. முனையைத் தொடலாம். சுமார் 6 வோல்ட் மட்டுமே தாங்கும் சில்லு அந்நொடியில் பழுதாகிவிடும். ஆகவே வி-பஸ் மின்னழுத்தத்தைத் தாங்கும் சி.சி. முனைகளை உடைய சில்லையோ, தனிக் காப்புச் சில்லையோ பயன்படுத்துதல் வேண்டும்.
- உயிர்ப்புச் செய்தி. 28 வோல்ட்டும் அதற்கு மேலும் பெறும் கருவி, தான் இணைப்பில் இருப்பதை இடையறாது தெரிவித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். ஒரு நொடி அளவில் செய்தி வராவிடில் வழங்கி இணைப்பை மீளமைத்து 5 வோல்ட்டுக்குத் திரும்பிவிடும். 2021-க்கு முற்பட்ட சில்லுகளில் இவ்வசதி இராது.

கேட்ட மின்னழுத்தம் எல்லா மின்தகவிகளிலும் கிடைக்கும் என எதிர்பார்த்தல் தவறு. 5 வோல்ட் மட்டும் கிடைத்தாலும் கருவி கேடின்றி மெதுவாக ஏறவோ, குறைந்தது பயனருக்கு அறிவிக்கவோ வல்லதாக இருத்தல் வேண்டும்.

வாயில் மாஸ்ஃபெட்டுகளும் எழுச்சி ஒடுக்கியும்

வி-பஸ்ஸுக்கும் கருவியின் உட்சுற்றுக்கும் இடையே நிலைமாற்றியாகச் செயல்படும் மாஸ்ஃபெட் திரிதடையங்கள் வைக்கப்படுகின்றன. மாஸ்ஃபெட்டின் அமைப்பிலேயே ஓர் இருமுனையம் அடங்கியுள்ளமையால், தனி மாஸ்ஃபெட் ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தைத் தடுக்கும். மின்கலத்திலிருந்து வி-பஸ்ஸுக்கு மின்சாரம் திரும்பாமல் இருக்க இரண்டு மாஸ்ஃபெட்டுகள் எதிரெதிராக இணைக்கப்படுகின்றன.

வடத்தைச் செருகும்பொழுதும் பிடுங்கும்பொழுதும் வடத்தின் மின்தூண்டலால் வி-பஸ்ஸில் மின்னழுத்த எழுச்சி தோன்றும். இதனை ஒடுக்க டி.வி.எஸ். இருமுனையம் பயன்படுகின்றது. 20 வோல்ட் நிலையில் 5 விழுக்காட்டு ஏற்றத்துடன் 21 வோல்ட் இயல்பாகவே வரலாம். அம்மின்னழுத்தத்தில் டி.வி.எஸ். கடத்தலாகாது. எனவே 22 வோல்ட் வரை கடத்தாத வகை தேர்ந்தெடுக்கப்படுகின்றது. ஆனால் 22 வோல்ட் வகை எனக் குறிக்கப்பட்ட டி.வி.எஸ். எழுச்சியை 22 வோல்ட்டில் நிறுத்திவிடுவதில்லை. எஸ்.எம்.பி.ஜே. வகையில், முழு எழுச்சி மின்னோட்டத்தின்போது அதன் மீது 35.5 வோல்ட் தோன்றும். ஆகவே 30 வோல்ட் மாஸ்ஃபெட் 20 வோல்ட் சுற்றுக்குப் போதும் எனத் தோன்றினாலும், பாதுகாப்பானது 40 வோல்ட் மாஸ்ஃபெட்டே. இவ்வாறே 48 வோல்ட் சுற்றில் 51 வோல்ட் டி.வி.எஸ். 82.4 வோல்ட் வரை ஏறவிடும் என்பதால் 100 வோல்ட் மாஸ்ஃபெட் தேவைப்படுகின்றது.

மின்தடையும் கருதத்தக்கது. கடத்தும் நிலையில் 10 மில்லிஓம் உடைய மாஸ்ஃபெட்டில் 5 ஆம்பியர் பாய்ந்தால் 0.25 வாட் வெப்பமாகும். இரண்டிலும் சேர்ந்து 0.5 வாட். வெப்பமடைந்த மாஸ்ஃபெட்டின் மின்தடை ஒன்றரை மடங்கு வரை உயரும் என்பதால் 0.75 வாட்டுக்கு இடம் வைத்தல் நன்று.

மின்தேக்கிகள்

கபாசிட்டர் என்று கடைகளில் வழங்கும் மின்தேக்கிகளுள், அடுக்குப் பீங்கான் வகை வி-பஸ் பக்கம் மிகுதியாகப் பயன்படுகின்றது. இவ்வகையின் மீது நேர்மின்னழுத்தம் ஏற ஏற அதன் கொண்மம் குறைந்துகொண்டே செல்லும். 25 வோல்ட் தாங்கும் எனவும் 10 மைக்ரோபாரட் எனவும் குறிக்கப்பட்ட சிறிய மின்தேக்கியில், 20 வோல்ட் இருக்கும்பொழுது குறிக்கப்பட்ட அளவில் பாதிக்கும் குறைவாகவே எஞ்சலாம். ஆகவே 20 வோல்ட் சுற்றுக்கு 35 அல்லது 50 வோல்ட் வகையும், 48 வோல்ட் சுற்றுக்கு 100 வோல்ட் வகையும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. தயாரிப்பாளர் வெளியிடும் மின்னழுத்த-கொண்ம வரைபடத்தைப் பார்த்தே எண்ணிக்கையை முடிவு செய்தல் வேண்டும்.

கொண்மத்தைக் கூட்டிக்கொண்டே செல்லவும் இயலாது. இணைந்த தொடக்கத்தில் பெறும் கருவி வி-பஸ்ஸில் 10 மைக்ரோபாரட்டுக்கு மேல் காட்டக்கூடாது. மாற்றிக்குத் தேவையான பெரிய மின்தேக்கிகள் வாயில் மாஸ்ஃபெட்டுகளுக்கு உட்புறம் வைக்கப்படுவது இதனாலேயே. மாஸ்ஃபெட்டுகளைச் சட்டெனத் திறந்தால் அம்மின்தேக்கிகளை நோக்கிப் பெரும் மின்னோட்டம் பாய்ந்து மின்தகவியின் காப்பைத் தூண்டிவிடும். 100 மைக்ரோபாரட் மின்தேக்கியை 1 மில்லிநொடியில் 20 வோல்ட்டுக்கு ஏற்ற 2 ஆம்பியர் வேண்டும். ஆகவே படிப்படியாகத் திறக்கும் வசதி தேவை.

மாற்றியும் மின்தூண்டியும்

வி-பஸ் 5 முதல் 20 வோல்ட் வரை மாறலாம். மின்கலமோ 9 முதல் 12.6 வோல்ட் வரை நிற்கலாம். எனவே தேவைக்கேற்ப இறக்கவும் ஏற்றவும் வல்ல இறக்கி-ஏற்றி மாற்றி பயன்படுகின்றது. இதில் நான்கு மாஸ்ஃபெட்டுகளும் ஒரு மின்தூண்டியும் உள்ளன.

எடுத்துக்காட்டு மடிக்கணினியில் 20 வோல்ட் உள்ளீடு, 12.6 வோல்ட் வெளியீடு, 600 கிலோஹெர்ட்சு நிலைமாற்ற வேகம், 4.7 மைக்ரோஹென்றி மின்தூண்டி எனக் கொள்வோம். மின்தூண்டியின் மீதுள்ள மின்னழுத்தம் 7.4 வோல்ட், கடத்தும் நேரவிகிதம் 0.63. இவற்றின் பெருக்கத்தை வேகமும் தூண்டமும் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்தால் மின்னோட்ட ஏற்ற இறக்கம் சுமார் 1.65 ஆம்பியர் ஆகும். 100 வாட்டில் 95 விழுக்காடு வெளியீட்டை அடைந்தால் சராசரி மின்னோட்டம் சுமார் 7.5 ஆம்பியர். ஆகவே உச்சம் 8.4 ஆம்பியர் அளவில் அமையும்.

மின்தூண்டியின் உள்ளகம் குறிப்பிட்ட மின்னோட்டத்துக்கு மேல் தெவிட்டிவிடும். தெவிட்டினால் தூண்டம் வீழ்ந்து மின்னோட்டம் கட்டுக்கடங்காது உயரும். எனவே 8.4 ஆம்பியர் உச்சத்துக்குத் தெவிட்டல் மின்னோட்டம் 10 அல்லது 11 ஆம்பியர் உள்ள மின்தூண்டி பொருத்தமானது. தரவுத்தாள்களில் தெவிட்டல் மின்னோட்டம், வெப்ப மின்னோட்டம் என இரு எண்கள் இருக்கும். இரண்டினுள் சிறியதையே எல்லையாகக் கொள்ளுதல் வேண்டும்.

மின்னோட்டத்தை அளக்க வைக்கப்படும் உணர் மின்தடையம் 5 அல்லது 10 மில்லிஓம் ஆகும். 5 ஆம்பியரில் 5 மில்லிஓம் 0.125 வாட்டையும், 10 மில்லிஓம் 0.25 வாட்டையும் வெப்பமாக்கும். சிறிய மின்தடையம் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் மின்னேற்றம் முடியும் தறுவாயில் 0.1 ஆம்பியர் ஓடும்பொழுது அதில் 0.5 மில்லிவோல்ட் மட்டுமே தோன்றும். அளவிடும் சில்லில் 0.1 மில்லிவோல்ட் பிழை இருந்தால் அது 20 விழுக்காட்டுப் பிழையாகிவிடும். வெப்பமா, துல்லியமா என்பதை மின்கலத்தின் தேவையைக் கொண்டு முடிவு செய்தல் வேண்டும்.

மின்தகவியின் உறுப்புகள்

மின்தகவியில் 230 வோல்ட் மாறுமின்னோட்டம் முதலில் நேராக்கப்பட்டு, பெரிய மின்பகு மின்தேக்கியில் சேமிக்கப்படுகின்றது. பின்னர் உயர்வேக நிலைமாற்றியும் மின்மாற்றியும் அதனைத் தாழ்ந்த மின்னழுத்தமாக்குகின்றன. இந்நிலைமாற்றிக்கு அண்மைக்காலமாகக் காலியம் நைத்திரைடு திரிதடையங்கள் பயன்படுகின்றன. சிலிக்கன் மாஸ்ஃபெட்டைவிட விரைவாகவும் குறைந்த இழப்புடனும் இவை நிலைமாறுவதால் மின்மாற்றி சிறிதாகி, மின்தகவியின் உருவம் சுருங்குகின்றது.

65 வாட் மின்தகவிகள் சந்தையில் மிகுந்திருப்பதற்கும் உறுப்புச் செலவே ஒரு காரணம். கணினி போன்ற கருவிகள் 75 வாட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்குமாயின் மின்னோட்ட அலைவடிவத்துக்குக் கடுமையான எல்லைகளை ஐ.ஈ.சி. 61000-3-2 தரநிலை விதிக்கின்றது. அவ்வெல்லைகளை நிறைவு செய்யத் திறன்காரணித் திருத்தச் சுற்று ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கும். 65 வாட் மின்தகவி 90 விழுக்காட்டுத் திறமையுடன் இயங்கினால் சுவரிலிருந்து எடுப்பது சுமார் 72 வாட்.

நியூட்ரல் அறுபடல்

உலகளாவிய மின்தகவி 264 வோல்ட் வரை தாங்குமாறு வடிவமைக்கப்படுகின்றது. அதன் உச்சமதிப்பு 373 வோல்ட் என்பதால் 400 வோல்ட் மின்தேக்கி வழக்கமாகப் போதுமானது. இந்தியாவில் தெருவுக்கு மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் வருகின்றன. நியூட்ரல் கம்பி அறுந்தால் சில வீடுகளில் மின்னழுத்தம் இரு பேஸ்களுக்கு இடைப்பட்ட 400 வோல்ட் அளவை நோக்கி உயரலாம். அதன் உச்சமதிப்பு சுமார் 566 வோல்ட் ஆகும். புயலில் கம்பங்கள் சாய்ந்து மின்வழிகள் மீளமைக்கப்படும் காலங்களில் இத்தகைய பிறழ்ச்சிக்கு வாய்ப்பு மிகுதி. 2011 திசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் இப்பகுதியின் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன.

450 வோல்ட் மின்தேக்கி சிறு ஏற்றங்களைத் தாங்கும். 566 வோல்ட்டைத் தாங்காது. ஆகவே உள்ளீட்டில் உருகியும் அதன் பின்னர் வேரிஸ்டரும் வைக்கப்படுகின்றன. மின்னழுத்தம் மிகும்பொழுது வேரிஸ்டர் பெருமளவில் கடத்தி உருகியை அறுத்துவிடும். மின்தகவி செயலிழக்கும், ஆனால் மின்தேக்கி வெடிப்பதும் தீப்பற்றுவதும் தவிர்க்கப்படும். இவ்விரு உறுப்புகளையும் நீக்கினால் மின்தகவியின் இயல்பான இயக்கத்தில் எந்த வேறுபாடும் தெரியாது. மலிவான மின்தகவிகளில் இவை விடுபடுவதற்கு இதுவே வழியமைக்கின்றது.

ஒய் மின்தேக்கியும் கசிவு மின்னோட்டமும்

மின்மாற்றியின் இரு பக்கங்களுக்கும் இடையே, மின்காந்த இரைச்சலைக் குறைப்பதற்காக, ஒய் வகை மின்தேக்கி இணைக்கப்படுகின்றது. இதன் வழியாகச் சிறிதளவு மாறுமின்னோட்டம் பயனர் பக்கத்துக்குக் கசியும். இரண்டு முனைச் செருகி கொண்ட மின்தகவியில் இணைந்த மடிக்கணினியின் உலோக உடலைத் தடவும்பொழுது உணரப்படும் மெல்லிய அதிர்வுக்கு இதுவே காரணம். 230 வோல்ட், 50 ஹெர்ட்சு மின்வழங்கலில் 1 நானோபாரட் மின்தேக்கி வழியாக 72 மைக்ரோஆம்பியரும், 2.2 நானோபாரட் வழியாக 159 மைக்ரோஆம்பியரும் கசியும்.

வீட்டு மின்தகவிகளுக்கு ஐ.எஸ். 13252 தரநிலை 250 மைக்ரோஆம்பியர் வரை இடமளித்தது. அதன்படி இரண்டு மதிப்புகளும் ஏற்கத்தக்கவை. மருத்துவக் கருவிகளின் நிலை வேறு. ஐ.ஈ.சி. 60601-1 தரநிலையின்படி இயல்பு நிலையில் தொடுமின்னோட்டம் 100 மைக்ரோஆம்பியரைத் தாண்டலாகாது. புதுச்சேரி நகரின் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளில் நோயாளியின் உடலுடன் இணைக்கப்படும் கருவிக்கு மின்னேற்றி வடிவமைப்போர், 2.2 நானோபாரட் மின்தேக்கியைத் தேர்ந்தெடுக்க இயலாது. வெளியில் 20 வோல்ட், 65 வாட் என ஒன்றாகவே அச்சிடப்பட்ட இரு மின்தகவிகள், உள்ளே இருக்கும் ஒரு மின்தேக்கியால் நோயாளியின் அருகே ஒன்று ஏற்றதாகவும் மற்றொன்று ஏலாததாகவும் ஆகின்றன. இணைப்பி பொருந்துகின்றது என்பதாலேயே வீட்டு மின்தகவியை மருத்துவக் கருவியில் செருகுதல் பாதுகாப்பானது ஆகாது.

வெப்பமும் கடற்கரைச் சூழலும்

மின்பகு மின்தேக்கியின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயரும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். 105 பாகையில் 2,000 மணிநேரம் எனக் குறிக்கப்பட்ட மின்தேக்கி 65 பாகையில் 32,000 மணிநேரமும், 75 பாகையில் 16,000 மணிநேரமும் உழைக்கும். மின்தகவியின் உட்புறம் அறையைவிட 40 பாகை சூடாக இருக்கும் எனக் கொண்டால், 25 பாகை அறையில் முதல் மதிப்பும் 35 பாகை அறையில் இரண்டாம் மதிப்பும் பொருந்தும். நாளொன்றுக்கு 8 மணிநேரப் பயன்பாட்டில் இவை முறையே சுமார் 11 ஆண்டுகளும் ஐந்தரை ஆண்டுகளும் ஆகும். புதுச்சேரியில் கோடை வெப்பம் 40 பாகையை ஒட்டி உயர்வதுண்டு. எனவே 105 பாகையில் 5,000 மணிநேரம் போன்ற நீண்ட ஆயுள் வகைகளைத் தேர்ந்தெடுத்தல் இப்பகுதிக்கு ஏற்றது.

கடற்கரை நகரங்களில் காற்றின் ஈரமும் உப்பும் சுற்றுப்பலகையின் மீது மெல்லிய கடத்தும் படலமாகப் படியலாம். உயர் மின்னழுத்தப் பகுதிக்கும் பயனர் பகுதிக்கும் இடையே பலகைப் பரப்பில் உள்ள தொலைவு இதனால் பயனற்றுப் போகக்கூடும். பலகையில் பிளவு வெட்டுதலும், காப்புப் பூச்சு இடுதலும் இதற்கான தீர்வுகள் ஆகும். கொள்செருகியின் முனைகளில் போதிய தடிமனுடைய பொன்முலாம் இருத்தலும் நன்று.

இந்தியத் தரநிலைகள்

மின்னணுப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012-ஆம் ஆண்டில் வெளியானது. தகவல் தொழில்நுட்பக் கருவிகளுக்கான மின்தகவிகள் பின்னர் அதன் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இவை அமைவனம் ஏற்ற ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, பதிவு எண் பொறிக்கப்பட்ட பின்னரே விற்கப்படுதல் வேண்டும். இப்பதிவு பாதுகாப்பைப் பற்றியது; மின்னேற்ற வேகத்தைப் பற்றியது அன்று.

தேர்வு வரிசை

உறுப்புகளைப் பின்வரும் வரிசையில் தேர்ந்தெடுத்தல் வழக்கம்.

- தேவைப்படும் மின்திறனையும் அதற்குரிய மின்னழுத்த நிலையையும் முடிவு செய்தல்.
- அந்நிலைக்கேற்ற கொள்செருகியையும் வடத்தையும் தெரிவு செய்தல்.
- கட்டுப்படுத்திச் சில்லையும் சி.சி. முனைக் காப்பையும் தெரிவு செய்தல்.
- டி.வி.எஸ். இருமுனையத்தின் உச்ச மின்னழுத்தத்தைக் கணித்து, அதற்கு மேற்பட்ட தாங்குதிறன் உள்ள மாஸ்ஃபெட்டுகளைத் தெரிவு செய்தல்.
- மின்னழுத்தத்தால் குறையும் கொண்மத்தைக் கணக்கில் கொண்டு மின்தேக்கிகளைத் தெரிவு செய்தல்.
- உச்ச மின்னோட்டத்தைக் கொண்டு மின்தூண்டியைத் தெரிவு செய்தல்.
- கோடை வெப்பநிலையில் முழுச்சுமையுடன் இயக்கி ஒவ்வோர் உறுப்பின் வெப்பத்தையும் அளத்தல்.
- வெவ்வேறு மின்தகவிகளுடனும், அடையாளச் சில்லு உள்ள, இல்லாத வடங்களுடனும், செருகியை இரு பக்கமும் திருப்பியும் சோதித்தல்.

இறுதிச் சோதனையை விட்டுவிட்டால், ஒரு வடத்தில் இயங்கி மற்றொன்றில் இயங்காத பிழைகள் பயனரின் கைக்குச் சென்ற பின்னரே வெளிப்படும்.

இவற்றையும் பார்க்க

- யூ.எஸ்.பி
- லித்தியம்-அயனி மின்கலம்
- மாஸ்ஃபெட்
- மின்தேக்கி
- காலியம் நைத்திரைடு
- இந்தியத் தர நிர்ணய அமைவனம்